பிள்ளையை வளர்த்தவள் என்பதற்குச் சான்று

விவாகரத்து வழக்குத் தொடுப்பதென்று தீர்மானித்த ஒரு தாய் முதலில் தேடுவது ஒரு நல்ல சட்டத்தரணியைத்தான். அது கட்டாயம் வேண்டியது. ஆனாலும் சட்டத்தரணியின் காரியாலயத்துக்குள் காலடி வைப்பதற்கு முன்பே தொடங்கவேண்டிய வேலையொன்று இருக்கிறது. அதை எந்தச் சட்டத்தரணியும் நமக்காகச் செய்துதர முடியாது. இத்தனை காலமும் பிள்ளைக்கு ஊட்டி, குளிப்பாட்டி, காய்ச்சல் வந்த இரவுகளில் கண்விழித்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது தானே என்பதை, நம்மை ஒருநாளும் கண்டிராத ஒரு நீதிபதிக்கு விளங்கும் வண்ணம் பத்திரங்களாகவும் சாட்சிகளாகவும் சேர்த்து ஒழுங்குபடுத்துவதே அந்த வேலை. இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருந்துகொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் தாய்வீட்டிலிருந்து வழக்கை நடத்திவரும் நான், இதில் அறிந்துகொண்டவற்றை என் நிலையில் நிற்கும் மற்றத் தாய்மாருக்காக எழுதுகிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கும் என்பதிலேயே மலையகத்தில் பலருக்குத் தெளிவில்லை. நம் அயலில் வாழும் கண்டியச் சிங்களவர்கள் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணம் முடித்திருந்தால், இருவரும் சம்மதித்து மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே விவாகரத்துப் பெறலாம். அதைப் பார்த்துவிட்டு, நாமும் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைப்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். முஸ்லிம்களுக்கு அவர்களின் விவாகச் சட்டப்படி விசாரிக்கும் காதி நீதிமன்றம் உண்டு. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழராகிய நாம் பொதுச் சட்டமான 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறோம். அதன்படி விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள் உண்டு: திருமணத்துக்குப் பின் பிறருடன் கொண்ட தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த குணப்படுத்த முடியாத தாம்பத்திய இயலாமை. இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது மட்டும் காரணமாகாது. மூன்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு நிரூபித்தாக வேண்டும். வழக்கைத் தொடுப்பவர் தாம் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்பது, கணவன் கொழும்பில் இருக்க, பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

தோட்டங்களில் இத்தகைய பிணக்குகளை முதலில் தலைவரும் கோயில் கமிட்டியாரும் உட்கார்ந்து பேசுவது வழக்கம். "தங்கச்சி, கோடு கச்சேரின்னு அலைஞ்சா குடும்ப மானந்தான் போகும், இங்கேயே எழுதி முடிச்சிருவோம்" என்று எங்கள் தலைவரும் என்னிடம் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடு சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்கும் அந்தக் கடதாசி ஒரு பெண்ணுக்குச் செய்யும் கேடு பெரிது. முதலாவதாக, அதனால் திருமணம் முறிவதில்லை. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்த மணம் செல்லாது என்பதோடு, அது குற்றமுமாகிவிடும். இரண்டாவது கேட்டை அநேகர் அறிவதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் (பராமரிப்புச் செலவுச்) சட்டம், கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை வழங்கப்படலாகாது என்று சொல்கிறது. தோட்டத்தில் வைத்த அந்தக் கையெழுத்தே பின்னர் நீதவான் நீதிமன்றத்தில் நமக்கு எதிராக நீட்டப்படலாம். பிள்ளைக்குரிய தாபரிப்பை அது பறிக்காது என்றாலும், எழுதுவது எதுவாயினும் ஒரு சட்டத்தரணி வாசித்துப் பார்க்கும்வரை கையெழுத்து வைக்காதிருப்பதே நல்லது.

வீட்டைவிட்டு வெளியேறினால் வழக்குத் தோற்றுவிடும் என்ற பயத்தில் அடியையும் ஏச்சையும் பொறுத்துக்கொண்டு கிடக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஒருவரின் கொடுமை தாங்காமல் மற்றவர் வெளியேற நேர்ந்தால், வெளியேற வைத்தவரே கைவிட்டவராகக் கருதப்படலாம் என்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவந்த நிலைப்பாடு. ஏன் வெளியேறினோம் என்பதற்கு அந்த வேளையிலேயே ஒரு பதிவு இருக்கவேண்டும் என்பதுதான் முக்கியம். அடிபட்டிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அவர்கள் தரும் படிவத்துடன் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்க் காயங்களைப் பதியச் செய்யவேண்டும். ஆபத்துத் தொடர்ந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள் வரையான கட்டளையும் கிடைக்கும்.

முறைப்பாட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் சென்ற பொலிஸ் நிலையத்தில் நான் தமிழில் சொன்னதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதிவிட்டு, புத்தகத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைப் பேனையால் காட்டினார். அரைப்பக்கம் சொன்ன விடயம் நான்கு வரியாக இருந்தது. வாசித்துக் காட்டும்படி கேட்டேன். "வாய்த்தர்க்கம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகளின் முன்னிலையில் அடித்தது அதில் இல்லை. என் சித்தப்பாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்திருந்ததால் அவர் நின்று சேர்க்கச் செய்தார். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் மொழி விளங்காத தரப்பினருக்கு அரச செலவிலேயே மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. பாதி விளங்கி "ஓம்" என்று தலையாட்டிய ஒரு பதில் வழக்கின் போக்கையே மாற்றிவிடக்கூடும்.

இனிப் பிள்ளைகளின் கட்டுக்காவலுக்கு, அதாவது பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற விடயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இவ்விடயத்தில் அடித்தளமாக நிற்கும் றோமன் டச்சுச் சட்டம், திருமணம் நீடிக்கும்வரை பிள்ளையை வைத்திருக்கும் முன்னுரிமையைத் தந்தைக்கே கொடுத்திருந்தது. "பிள்ளை எங்கள் வீட்டு வாரிசு, சட்டமும் எங்கள் பக்கந்தான்" என்று மாமியார் வீட்டார் மிரட்டும்போது அதில் ஒரு துளி பழைய உண்மை இருக்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை பிள்ளையின் நலனுக்குக் கீழ்ப்பட்டது என்று நீதிமன்றங்கள் படிப்படியாகச் சொல்லிவந்திருக்கின்றன. இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், சிறுவர் தொடர்பான எல்லா விடயங்களிலும் சிறுவரின் நலனே தலையாயது என்று வெளிப்படையாக விதிக்கிறது. சின்னஞ்சிறு பிள்ளைகள் தாயிடம் இருப்பதே பொருத்தம் என்ற எண்ணமும் நீதிமன்றங்களில் வலுவாக உண்டு. ஆயினும் தாய் என்ற ஒன்றை மட்டும் நம்பி வெறுங்கையோடு போகக்கூடாது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கணவன் குடிகாரன், பொறுப்பற்றவன் என்று நிரூபிப்பதிலேயே நம்மவர் முழுப் பலத்தையும் செலவழிக்கிறார்கள். அது விவாகரத்துக்கு உதவலாம். பிள்ளையைப் பொறுத்தவரை நீதிபதி அறிய விரும்புவது வேறு: இதுவரை பிள்ளையின் நாள் யார் கையில் நகர்ந்தது, இனி எங்கே, யாருடன், எப்படி நகரும்.

அதற்குரிய சான்றுகள் பெரும்பாலும் வீட்டிலேயே, அலுமாரியின் அடித்தட்டிலோ பெட்டிக்குள்ளோ கிடக்கின்றன. என் மூத்தவனின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது, மழையில் நனைந்து அட்டை உப்பியிருந்தது. உள்ளே, பிறந்த மாதத்திலிருந்து எடை ஏறியிறங்கிய கோடு, தடுப்பூசி போட்ட ஒவ்வொரு தேதி, எடை குறைந்த மாதத்தில் குடும்பநல மாது சிவப்பு மையில் எழுதிய குறிப்பு, அதற்கடுத்த மாதம் "தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது" என்ற வரி. அந்த வரியைக் கண்டதும் என் சட்டத்தரணி மிஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். கிளினிக்குக்குத் தூக்கிப் போனவர் யார் என்பதை அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், வழக்கென்ற எண்ணமே இல்லாத காலத்தில், தம் கையால் எழுதிவைத்த சான்று அது. பாடசாலை முன்னேற்ற அறிக்கையில் பெற்றோர் கையெழுத்திடும் கட்டம், பெற்றோர் கூட்ட வரவுப் பதிவு, தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு இடமான பிள்ளைக் காம்பிராவில் காலையில் ஒப்படைத்து மாலையில் எடுத்துச்சென்றவரின் பெயர், வைத்தியசாலை டிக்கட், அறநெறிப் பாடசாலைச் சான்றிதழ், டியூஷன் காசு கட்டிய ரசீது ஆகிய எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை. வகுப்பாசிரியர், குடும்பநல மாது, பிள்ளைக் காம்பிராவைப் பார்ப்பவர் போன்று இரு குடும்பத்துக்கும் உறவல்லாதவர்கள் சாட்சி சொல்ல முன்வந்தால், அது நம் சொந்த அக்கா தங்கையின் சாட்சியத்தைவிடக் கனமானது.

இவற்றோடு விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவையும் வேண்டும். மலையகத்தில் இங்கேதான் அதிகத் தாமதம் ஏற்படுகிறது. என் இளையவளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் இல்லை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கிறது. விவாகப் பதிவில் வேறொரு எழுத்துக்கூட்டல். மூன்று பத்திரங்களிலும் இருப்பது ஒரே பெண்தான் என்று நிறுவ, பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் அலைய நேர்ந்தது. பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்களும், கோயிலில் தாலி கட்டியதோடு நின்று பதிவுசெய்யாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சடங்கு முறைப்படி நடந்த திருமணத்தையும் சட்டம் ஏற்கக்கூடும். அதை நிரூபிக்க ஐயர், சடங்கில் இருந்தவர்கள், புகைப்படங்கள் எல்லாம் தேவைப்படும். வழக்குப் போடுவதற்கு முன்பே திருத்தங்களைத் தொடங்கிவிட்டால், பிறகு தவணைக்குத் தவணை வீணாக அலையவேண்டியிருக்காது.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயன் வீட்டைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அது பெரும்பாலும் வேலை செய்பவரின் பேரில் கொடுக்கப்படுவது. கணவன் வீட்டைவிட்டு வந்த பெண், தாய் தகப்பன், அண்ணன் அண்ணி, அவர்களின் பிள்ளைகள் ஏற்கெனவே நெருக்கியடித்து வாழும் ஒரு காம்பிராவுக்குள்தான் தன் பிள்ளைகளோடு புகவேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். நீதிமன்றம் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்டால் அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் வரும்வரை காத்திராமல், பிள்ளை படுக்கும் இடம் எது, படிக்கும் மேசை எங்கே, தாய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பள்ளிவிட்டு வரும் பிள்ளையை வரவேற்பவர் யார், பாடசாலை எவ்வளவு தூரம், இரவில் குடித்துவிட்டு வருகிறவர் எவரும் அந்த வீட்டில் உண்டா என்ற கேள்விகளுக்கு உண்மையான விடைகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். ஏழ்மைக்காக மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வாதம் எடுபட வேண்டுமானால், ஏழ்மைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதை உத்தியோகத்தர் கண்ணால் காணவேண்டும். என் அம்மா தன் கட்டிலைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து, ஜன்னலோரம் ஒரு பலகையடித்து மேசையாக்கித் தந்திருக்கிறார்.

வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய தாய்மாரின் நிலை இன்னும் கடினம். பிள்ளைகளின் சாப்பாட்டுக்காகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போனவளை, "பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள்" என்று மன்றில் நிறுத்துகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பணம் அனுப்பிய ஒவ்வொரு வங்கிச் சீட்டையும், அந்தப் பணத்தில் பள்ளிச் சப்பாத்தும் மருந்தும் வாங்கியதற்கான ரசீதுகளையும், பிள்ளையோடு பேசிய அழைப்புகளின் பதிவையும் சேர்த்துவைக்க வேண்டும். பாட்டியிடம் பிள்ளையை ஒப்படைத்துச் சென்றது இருவரும் கூடி எடுத்த முடிவு என்பதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தாலும் அது பெரிய உதவி.

தாபரிப்புக்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது நீதவான் நீதிமன்றத்தில் தனியாக நடக்கும் வழக்கு. 18 வயதுவரை பிள்ளைக்கும், தன்னைத்தானே பராமரிக்க முடியாத நிலையில் இருந்தால் 25 வயதுவரை வளர்ந்த பிள்ளைக்கும் பெற்றோர் தாபரிப்புக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கட்டளையிட்ட பணத்தைக் கணவன் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கவும், சிறைத்தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் உள்ளவரின் வருமானத்தைக் காட்டுவது எளிது. கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ கைச்சம்பளம் வாங்குபவருடைய வருமானத்தைக் காட்டத்தான் சிரமம். முன்பு அவர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் சீட்டுகளும், மோட்டார் சைக்கிளுக்குக் கட்டும் லீசிங் தவணையும் அங்கே கைகொடுக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்காலத் தாபரிப்பையும் பிள்ளைகளின் இடைக்காலக் கட்டுக்காவலையும் கேட்கலாம். அந்த இடைக்காலக் கட்டளையைச் சிறிதாக எண்ணவேண்டாம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டால், பிள்ளை பழகிப்போன ஏற்பாட்டைக் கடைசியில் மாற்ற எந்த நீதிபதியும் யோசிப்பார்.

பிள்ளையைத் தந்தை பக்கத்தார் தூக்கிச்சென்று திருப்பித் தர மறுத்தால், ஆள் திரட்டிக்கொண்டு போய் இழுத்து வரக்கூடாது. உடனே பொலிஸில் பதிந்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போகவேண்டும். பிள்ளையை மன்றில் முன்னிலைப்படுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு மூலம் மாகாண மேல் நீதிமன்றத்தையோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தையோ நாட வழியுண்டு. பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும், நமக்கே ஆபத்தென்றால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வழிகாட்டுவார். தவணை நாளில் அரை நாள் பேர், அதாவது அரை நாள் சம்பளம் போய்விடும் என்று பயந்து நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். வழக்கைத் தொடுத்தவர் வராவிட்டால் வழக்கே தள்ளுபடியாகக்கூடும்.

போனில் இருக்கும் செய்திகளை அழிக்காமல், போனையும் விற்காமல் வைத்திருக்க வேண்டும். கோபத்தில் நாம் அனுப்பும் செய்தியும் ஒருநாள் மன்றில் வாசிக்கப்படும் என்பதால், கணவனுக்கு எழுதும் ஒவ்வொரு வரியையும் நீதிபதி வாசிப்பார் என்று எண்ணியே எழுதுகிறேன். பேஸ்புக்கில் இதைப்பற்றி ஒரு சொல்லும் போடுவதில்லை. மன்றில் இதைச் சொல், அதைச் சொல் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் இவை எல்லாவற்றிலும் கொடியது. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையோடு நீதிபதி தமது அறையில் தனியே பேசக்கூடும். அப்போது ஒப்புவிக்கும் பிள்ளையை அவர் கண்டுகொள்வார். அதைவிட, தகப்பனைப் பற்றித் தாய் சொல்லிக்கொடுத்த ஏச்சை ஒரு குழந்தை மனதில் சுமப்பது நமக்கே பொறுக்குமா? "அப்பா ஏன் வரல்ல?" என்று என் இளையவள் கேட்கும்போது, "அப்பாவும் அம்மாவும் வேற வேற வீட்டுல இருக்கப் போறோம், ரெண்டு பேருக்கும் நீங்க புள்ளைங்கதான்" என்று மட்டும் சொல்கிறேன்.

அதனால்தான் என் வழக்குரையில் தந்தை பிள்ளைகளைப் பார்க்கும் ஏற்பாட்டையும் நானே எழுதச் சொன்னேன். மிஸ்ஸுக்கு அதில் முதலில் தயக்கம் இருந்தது. கேட்காததை ஏன் கொடுக்கவேண்டும் என்றார். பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும் என்பது என் உண்மையான எண்ணம். அதோடு, தந்தையை முற்றாக மறிக்கும் தாயைவிட, வழிவிடும் தாயையே நீதிமன்றம் நம்பும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலையிலிருந்து மாலைவரை, அட்டனில் அவருடைய அக்கா வீட்டில், அக்கா உடனிருக்க. தைப்பொங்கல் எங்களோடு, தீபாவளி ஓராண்டு அங்கே, மறு ஆண்டு இங்கே. குடித்திருந்தால் அன்று பிள்ளைகளை அனுப்புவதில்லை. பஸ்ஸுக்கு நான் கூட்டிப்போவேன், திருப்பிக் கொண்டுவிடுவது அவர் பொறுப்பு. பாடசாலை மாற்றுவதென்றாலும், கடவுச்சீட்டு எடுப்பதென்றாலும் இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும் அது முதலில் இடைக்காலத் தீர்ப்பாகவே இருக்கும். குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்த பின்னரே முடிந்த முடிவாகும் என்பதால், அந்த மாதங்களில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை ஒரு கொப்பியில் தேதி வாரியாக எழுதிவர நினைத்திருக்கிறேன். அடுத்த தவணைக்கு என் கணவருடைய மறுமொழி வரவேண்டும்.